வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத ராஜினாமா

1

மேடை ஏறுகிறவனுக்கு முதற்பாடம் ஒன்று உண்டு: அவை எதை எதிர்பார்க்கிறது என்று அறியாமல் வாயைத் திறக்காதே. தாம்பரத்துக் கல்லூரி நாட்களில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அலமாரி கொள்ளாமல் அடுக்கியவன் நான். அந்தப் பாடத்தை எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஹாலந்து நாட்டின் ஒரு சிறு நகரத்தில், காபிக் கோப்பைகளுக்கு நடுவே, யாரும் கேட்காத ஓர் உரையை ஆற்றிவிட்டு அமர்ந்தேன். தாயகத்தில் இருப்போர் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு, என் இடத்தில் நீங்கள் இருந்தால் வேறென்ன செய்திருப்பீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள். அவற்றுக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு தலைவர். அவர் பெயர் ஹெங்க். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தின் அடியில் ஒரு நிலவறை. அதில் ஊறும் நீரை வெளியேற்ற ஒரு பம்பு. மழைக்காலத்துக்கு முன் அந்தப் பம்பைச் சோதிக்க ஆளை அழைப்பது தலைவரின் கடமை. ஹெங்க் மறந்துவிட்டார். பம்பு நின்றது. நிலவறையில் கணுக்காலளவு நீர் ஏறியது. எல்லோருடைய அட்டைப் பெட்டிகளும் ஊறிக் கூழாயின.

மறுவாரம் கூட்டம் கூடியது. ஹெங்க் எழுந்து நிற்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "பம்பு என் பொறுப்பு. நான் மறந்துவிட்டேன். தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன். நிலவறைச் சாவி இதோ." சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் காபியில் சர்க்கரையைக் கலக்கத் தொடங்கினார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி என் காதில் அபாயச் சங்குபோல் ஒலித்தது. ஒரு தலைவர் விலகுகிறேன் என்கிறார். அவையோ ஸ்பூனால் கோப்பையைக் கலக்குகிறது! என் அறிவு தடுக்குமுன் என் உடல் எழுந்துவிட்டது. "மதிப்பிற்குரிய ஹெங்க் அவர்களே! தாங்கள் விலகுவதை இந்த அவை ஒருக்காலும் ஏற்காது!" என்று தொடங்கி, அரைகுறையாகக் கற்ற டச்சு மொழியில், அவருடைய சேவையையும் தியாகத்தையும் அடுக்கினேன். அவர் செய்த தியாகம் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாதது எந்தக் காலத்திலும் பேச்சாளனைத் தடுத்ததில்லை.

ஹெங்க் கவலையோடு என்னைப் பார்த்தார். "உங்கள் பெட்டிகள் நனையவில்லையா?"

"நனைந்தன."

"நான் மறந்தது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்படியானால்?"

அந்த 'அப்படியானால்' என்ற சொல்லுக்கு விடை எனக்கு எந்தப் பட்டிமன்றத்திலும் கற்றுத்தரப்படவில்லை. அமர்ந்தேன். மூன்றாம் மாடியில் தனியே வாழும் கோரி அம்மையார் பிஸ்கட் டப்பாவை நீட்டினார். ஆளுக்கு ஒன்று எடுத்ததும் டப்பாவை மூடிவிட்டார். ஒரு தலைமைக் காலம் அத்துடன் முடிவுற்றது.

படியேறி வீட்டுக்கு வரும்போதுதான், நான் யாரைத் தடுக்க எழுந்தேன் என்பது எனக்கே விளங்கிற்று. முந்தைய தை மாதத்தில் பூங்குயில் நகரில் ஒருவர் பதவி விலகினார். அவரைத் தடுக்க ஒருவர்கூட எழவில்லை. அவர் என் தந்தை. அடுத்த மாதம் அவரும் அம்மாவும் எங்களிடம் வந்து தங்குவதாக இருந்தது.

2

பூங்குயில் நகர், கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் வழியில் இருக்கிறது. பூவும் கிடையாது, குயிலும் கிடையாது. மூன்று தெருக்கள் உண்டு. நெல் வயலாக இருந்ததை மனையாகப் பிரித்து விற்ற நாளில், மழைநீர் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் கேட்கவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் மின்ரயில் பிடித்து அலுவலகம் போகிறவர்கள்; ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று மட்டுமே கேட்டார்கள்.

என் தந்தை தேவராஜ், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்தவர். நகரின் நலச்சங்கத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்த நாள்முதல் அவருடைய நடையே மாறிப்போனது. அலுவலகத்தில் அவர் 'தேவராஜ் சார்'. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் 'பிரதர் தேவராஜ்'. பால் பூத்திலிருந்து வீடு வரும் வரை மட்டும் 'தலைவரே!'. அந்தச் சிறு தூரத்தைக் கடக்க அவருக்கு நாளுக்கு நாள் அதிக நேரம் பிடித்தது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் காற்று வருகிறது, பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் மாடியில் இலை கொட்டுகிறது என்று ஆளுக்கொரு குறை. அம்மா சொல்வாள்: "பால் வாங்கப் போன மனுஷன் தயிரோடதான் திரும்பி வராரு."

நம் நாட்டில் ராஜினாமா எப்படி நடைபெறும் என்பது உங்களுக்குத் தெரியும். இருப்பினும் அயல்நாட்டில் இருந்து பார்க்கும்போது அதன் அழகு கூடுதலாகத் தெரிகிறது. விலகுவதற்காக யாரும் நம்மிடையே ராஜினாமா செய்வதில்லை. அது ஒரு கேள்வி. அவை சொல்லவேண்டிய பதில் 'கூடாது' என்பது. காலையில் கடிதம், பகலில் வீட்டு வாசலில் கூட்டம், மாலையில், 'அனைவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி' வாபஸ். பெரிய பதவி முதல் கல்யாண மண்டபப் பந்திப் பொறுப்பு வரை இதுவே முறை. இதில் பொய் இருப்பதாக நான் கருதவில்லை. தன்னை வேண்டும் என்று சொல்லுங்கள் என நேரே கேட்கக் கூசுகிற ஒரு சமூகம், அதைக் கேட்பதற்குக் கண்டுபிடித்த மிக நாகரிகமான வழி அது.

ஆனால் அந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேள்வி கேட்கப்படும்போது பதில் சொல்ல ஒருவராவது எழுந்து நிற்கவேண்டும்.

3

நெருக்கடி தார் ரோட்டின் வடிவில் வந்தது. எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு, ஊராட்சி எங்கள் நகருக்குச் சாலை போட ஒப்புக்கொண்டது. ஜல்லி லாரி நுழைய எங்கள் முதல் தெருவே வாசல். ஆகவே பணி அங்கிருந்து தொடங்கியது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதியதைக் கொட்டி உருட்டினார்கள். முதல் தெரு முழங்கால் உயரம் ஏறிற்று. இரண்டாம் தெருவும் ஏறிற்று. மூன்றாம் தெருவுக்கு இயந்திரம் திரும்புமுன் ஐப்பசி மழை வந்துவிட்டது. மழைக்கு எங்கள் தலைவர் யாரென்று தெரியாது. எது பள்ளம் என்று மட்டும் தெரியும்.

மூன்றாம் தெரு வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அந்தத் தெருவின் பெரிய மனிதர் ஏகாம்பரம். நகரின் மண் முழுவதும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் வயல். இப்போது அவருக்குச் சிமெண்ட் கடை. மடித்துக் கட்டிய வேட்டியோடு அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற காட்சியை அம்மா தொலைபேசியில் எனக்கு நடித்தே காட்டினாள்.

"இன்னா தலைவரே, உங்க தெருவுக்கு மட்டும் ரோடு போட்டுகினு, தண்ணியெல்லாம் எங்க வூட்டாண்ட தள்ளிவுட்டுட்டீங்களே! எங்க வூட்டு ஃபிரிட்ஜு மெதந்துகினு கீது. தலைவரா கீறது இதுக்குத்தானா?"

"ஏகாம்பரம், நானா மழை பெய்ய வெச்சேன்?"

"மழை மேலேர்ந்து வந்துச்சு சார். தண்ணி உங்க தெருவுலேர்ந்து வந்துச்சு. பதவிய வுட்டுட்டுப் போங்க."

அன்றிலிருந்து சுவர்களில் கரித்துண்டால் எழுதினார்கள்: 'தலைவரே விலகு'. என் தந்தை நடைப்பயிற்சிக்குப் போகும்போது அவற்றையெல்லாம் நின்று படித்துவிட்டு வந்தார். 'விலகு' என்பதில் மரியாதை இல்லை என்பதே அவருடைய முதல் வருத்தம்.

தை பிறந்ததும் விடுமுறையில் நான் ஊர் வந்தேன். வந்த அன்றே மொட்டை மாடியில் ஆலோசனை. சங்கச் செயலாளர் வரதராஜன், தந்தைக்கு நெருங்கிய நண்பர், ரயில்வேயில் பணிபுரிபவர், திட்டத்தை விவரித்தார்.

"சார், பொதுக்குழுவில நீங்களே எழுந்து ரிசைன் பண்றேன்னு சொல்லிடுங்க. சொன்ன அடுத்த செகண்டு நான் எழுந்து 'கூடவே கூடாது'ன்னு கத்தறேன். ரெண்டாவது தெரு ஆளுங்க பின்னாடி சேந்துப்பாங்க. வற்புறுத்தலுக்கு இணங்கி வாபஸ். அதுக்கப்புறம் ஏகாம்பரம் வாயே திறக்க முடியாது. மார்ச்ல மூணாவது தெருவுக்கு ரோடு. மேட்டர் ஓவர்."

"உரையை நான் எழுதித் தருகிறேன், அப்பா" என்றேன். இத்தகைய தருணங்களில் என் நா தானாகவே அச்சுத் தமிழுக்கு மாறிவிடும்.

தந்தை தேநீரை ஊதினார். "உன் பேச்செல்லாம் கப்பு வாங்கறதுக்குடா. இது வேற."

நான் புண்பட்டேன் என்று எழுதினால் அது குறைவான சொல்.

4

தொடக்கப் பள்ளியின் தகரக் கொட்டகையில் பொதுக்குழு. மைக் செட், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் நீலத் துணி போர்த்திய மேசை. வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்பதால் என்னையும் மேடையிலேயே அமர்த்தினார்கள். எங்கள் சங்கத்தில் தீர்மானங்கள் நிறைவேறும் முறை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். வாக்கெடுப்பு இல்லை, கைதூக்குதல் இல்லை. செயலாளர் படிப்பார்; கூட்டம் கைதட்டும்; 'பலத்த கரவொலிக்கிடையே நிறைவேறியது' என்று குறித்துக்கொள்வார்கள். குப்பைத் தொட்டி வாங்கியதும் அப்படித்தான். பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டி அறிவித்ததும் அப்படித்தான். கைதட்டாத தீர்மானத்தை எங்கள் நகர் கண்டதில்லை.

தந்தை எழுந்தார். தாளைப் பிரிக்கவில்லை, மனப்பாடம். முதலில் சாலைக்கு அலைந்த கதையைச் சொன்னார், அது சாதாரணம். பிறகு குரலைத் தாழ்த்தினார். அதுவும் எனக்குத் தெரிந்த உத்தியே. அடுத்து வந்ததுதான் நான் எதிர்பாராதது.

"மழை பெய்த அன்று மூன்றாம் தெருவில் தாய்மார்கள் குழந்தைகளைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு, விடியும்வரை நீரை இறைத்தார்கள். அன்று என் வீட்டுத் தரை காய்ந்திருந்தது. அந்தக் காய்ந்த தரையில் படுத்து என்னால் உறங்க முடியவில்லை. ஊரின் கால்கள் நனையும்போது தன் கால் நனையாதவன் தலைவனாக இருக்கலாமா? கூடாது. ஆகவே இந்த மேடையில் நிற்கும் உரிமையை இழந்தேன். இறங்குகிறேன்."

சொன்னவர், மைக்கை விட்டு நகர்ந்து, படி இறங்கி, மூன்றாம் தெருக்காரர்களின் வரிசைக்கு முன்னால் மண்தரையில் போய் நின்றுவிட்டார்.

நண்பர்களே, எத்தனையோ போட்டிகளுக்கு நடுவராகவும் போட்டியாளராகவும் சென்றிருக்கிறேன். இப்படியொரு முடிப்பை நான் கேட்டதில்லை. எதிரணி சொல்ல எண்ணி, சொல்லத் தெரியாமல் கரியால் கிறுக்கிய வாதத்தை, அவரே எடுத்து, செம்மைப்படுத்தி, மறுக்கமுடியாத வடிவில் அவைமுன் வைத்துவிட்டார். மறுகணம் கைதட்டல்! தகரம் அதிர்ந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள். இரண்டாம் தெருக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மேடையில் நானும் தட்டினேன்; நல்ல முடிப்புக்குக் கைதட்டாதவன் பேச்சாளனே அல்லன். வரதராஜனைத் தேடினேன். 'கூடவே கூடாது' என்று கத்தவேண்டிய மனிதர், கன்னம் நனைய, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் நாற்காலிமேல் ஏறினார். "கைதட்டிட்டாங்கோ! பாஸ்! எயுதுங்க சார், பாஸ்!"

செயலாளரின் கை பழக்கத்தில் எழுதியும்விட்டது.

தந்தை மண்தரையிலேயே நின்றார். முகத்தில் ஒரு புன்னகை. யாரோ எழுந்து ஏதோ சொல்வார்கள் என்று காத்திருக்கும் புன்னகை. கைதட்டல் ஓய்ந்தது. ஏகாம்பரமே வந்து அவருக்கு மாலை போட்டார், மெய்யாகவே கலங்கியிருந்தார். "சூப்பரா பேசினே தலைவரே. உன்னாட்டம் ஆளு கெடைக்க மாட்டாங்கோ" என்றார். சிறிது நேரத்தில் அவரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

5

ஹாலந்து திரும்பினேன். என் நாட்கள் வழக்கம்போல் நகர்ந்தன: சைக்கிள், அலுவலகம், மழை, சைக்கிள். இங்கே மொழி என்னைப் பழிவாங்குவதில் சலிப்பதே இல்லை. 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு இவர்களிடமும் உண்டு. மரியாதைக்காரனான நான் எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைக்கிறேன், கீழ்த்தளத்துப் பூனையைக்கூட. என் மகள் நிவேதாவோ நேர்மாறு. ஆறு வயது, பள்ளிக்குப் போகத் தொடங்கியது முதல் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்கிறாள். எழுபது வயது ஹெங்கை "ஹெங்க்!" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவரும் மகிழ்ச்சியோடு திரும்பிப் பார்க்கிறார்.

ஞாயிறுதோறும் அம்மா, முடிச்சூர் சாலை ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேசினாள். வீட்டில் போன் இருக்கிறது. ஆனால் அவள் சொல்ல விரும்பியதைத் தந்தை கேட்கக்கூடாது.

"இப்பல்லாம் பாலுக்கு என்னையே அனுப்பறாருடா. வெளியிலயே போறதில்ல."

"ஏம்மா, பதவி போன வருத்தமா?"

"பதவி போனா போகட்டும்ங்கறாரு. ஆனா ஒருத்தன்கூட 'வேணாம் சார், போகாதீங்க'ன்னு சொல்லலையேங்கறாரு. அதையேதான் சொல்லிட்டிருக்காரு. கை தட்டினாங்களே, அது மரியாதைதானேன்னு கேட்டா, 'நீயும்தானே தட்டினே'ங்கறாரு."

"நீயும் தட்டினியாம்மா?"

"எல்லாரும் தட்டினாங்க. நல்லாதானேடா பேசினாரு."

அதன் பிறகுதான் அவர்களை இங்கே அழைக்க முடிவுசெய்தேன். அதற்கு, வருவோரின் செலவு என் பொறுப்பு என்று இந்த ஊர் நகராட்சியின் உத்தரவாத முத்திரை வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருந்த பெண் அன்பாகவே கேட்டாள்: "உங்கள் தந்தை இப்போது வருவதற்குக் காரணம்?" உண்மையை மறைப்பானேன் என்று எண்ணி, என் டச்சில் சொன்னேன்: "அவர் தலைவராக இருந்தார். மக்கள் எதிர்ப்பால் பதவி விலகினார்."

அவளுடைய பேனா நின்றது. உள்ளே போய் மேலதிகாரியை அழைத்து வந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, "உங்கள் தந்தையின் உயிருக்கு ஆபத்து உள்ளதா? அடைக்கலம் கோருகிறாரா?" என்று கேட்டார்.

"இல்லை, இல்லை."

"எந்த நாட்டுக்குத் தலைவர்?"

"மூன்று தெருக்களுக்கு."

முத்திரை குத்தினார்கள். மேலதிகாரிக்குச் சற்று ஏமாற்றம்தான் என்று தோன்றியது.

6

தந்தையும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது குளிர் தொடங்கியிருந்தது. தந்தை ஜன்னலருகே நாற்காலி போட்டுக்கொண்டு, மழை சரியான வாய்க்காலில் சரியான திசையில் ஓடுவதை மணிக்கணக்காகப் பார்த்தார். "கடலுக்குக் கீழ இருக்கற ஊருடா இது. இங்க எவன் வீட்டுக்குள்ளயும் தண்ணி வரல" என்றார். நிலவறைக் கதையைச் சொன்னேன். ஹெங்க் விலகியதைச் சொன்னேன். தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருமே தடுக்கலையா?"

"நான் எழுந்து தடுத்தேன், அப்பா."

"என்ன சொன்னாரு?"

"'அப்படியானால்' என்றார்."

அந்த ஹெங்க் என்பவர்மீது அவருக்கு இரக்கம் பிறந்துவிட்டதை உணர்ந்தேன். ஹெங்குக்கோ அது தேவையே இல்லை. அவர் ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தந்தையையும் அழைத்துச் சென்றேன். பொருள்: புதிய தலைவர். ஒவ்வொருவரும் முறைவைத்துப் பேசினார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்குப் பாடற்குழு, ஒருவருக்கு நாய்.

"என்னடா பேசிக்கறாங்க?"

"தலைவர் பதவி வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்கிறார்கள், அப்பா."

"யாருக்கு வேணாமாம்?"

"யாருக்குமே."

தந்தை அந்த அறையைச் சுற்றிப் பார்த்த பார்வையை என்னால் வருணிக்க இயலாது. மேசை நடுவே நிலவறைச் சாவி கிடந்தது. சுவரில் யாரும் எதுவும் எழுதவில்லை. எதிர்ப்பாளர் இல்லை, ஏகாம்பரம் இல்லை, உட்கார ஆளில்லாத ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. அவருடைய வலக்கை மெல்ல மேலெழுந்தது.

அம்மா பல்லைக் கடித்தாள். "ஏங்க! இங்கயுமா?"

நான் விளக்கினேன்: மொழி தெரியாது, விசா மூன்று மாதம்தான். ஹெங்க் கணக்குப் போட்டார். "மூன்று மாதம் என்றால் குளிர்காலம் கழிந்துவிடும். பம்புக்கு அதுதான் கெட்ட காலம். அதுவரை தற்காலிகத் தலைவர். நல்லது." சாவியைத் தந்தைப் பக்கம் நகர்த்தினார். யாரும் கைதட்டவில்லை. தந்தை அதைக் கவனித்தார். கவனித்து நிம்மதியடைந்தார் என்றே நினைக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், மஃப்ளரும் குரங்குக் குல்லாயும் அணிந்த ஒரு தாம்பரத்துக்காரர் காலையில் நிலவறைக்கு இறங்கிப் பம்பின் ஓசையைக் கேட்டுவிட்டு மேலேறினார். படியில் எதிர்ப்படுவோருக்கெல்லாம் அவர்கள் மொழியில் காலை வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டார். மேலும் சொல்லவேண்டியதை நிவேதா மொழிபெயர்த்தாள். அவளுக்கு அவர் 'தாத்தா' இல்லை, 'தலைவர் தாத்தா'. "நீ வா, பம்பு பாக்கலாம்" என்று அவரை ஒருமையில் விளித்தே இழுத்துச் செல்வாள். 'நீங்க' என்று திருத்தினேன். "வுடுடா, நல்லாருக்கு" என்றார் தந்தை. இந்த ஒரு காரியத்துக்காகவாவது என் மகள் தமிழில் பேசினாள். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

கோரி அம்மையார், நடமாட்டம் குறைந்தவர். பனி விழும் நாட்களில் தந்தை அவருடைய குப்பைப் பையையும் எடுத்துச் சென்று தொட்டியில் போட்டார். அது தலைவரின் கடமை அன்று. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்.

7

விசா முடியும் வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம், வியாழக்கிழமை குழுக் கூட்டம். புதன்கிழமை முழுவதும் தந்தை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். உதடுகள் அசைந்தன.

"மறுபடியும் மேடையை விட்டு எறங்கப் போறீங்களா?" என்றாள் அம்மா.

"இல்ல. ரெண்டே வரி. இந்த ஊர் வழக்கம்."

சொன்னபடியே செய்தார். கூட்டத்தில் எழவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஊருக்குத் திரும்பறேன். தலைவர் பதவிலேர்ந்து விலகறேன். பம்பு நல்லா ஓடுது." அது மூன்று வரி, மேடைப் பழக்கம் ஒரேயடியாக விட்டுப்போய்விடாது. நான் மொழிபெயர்த்தேன். அவர் சாவியை மேசைமேல் வைத்தார்.

ஸ்பூன்கள் கோப்பைகளில் சுழன்றன. ஹெங்க் தலையசைத்தார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். இங்கே அதற்குப் பொருள், எல்லாம் முறையாக முடிந்தது என்பது. ஆனால் தந்தையின் கண்கள் ஒவ்வொரு முகமாகச் சென்றன. உதட்டில் அந்தப் புன்னகை. தகரக் கொட்டகையின் மண்தரையில் நின்று காத்திருந்த அதே புன்னகை. ஹெங்க் சாவியை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போது கோரி அம்மையார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தந்தையைப் பார்த்து, "யம்மர்" என்றார்.

டச்சு மொழியில் மிக எளிய சொல் அது. பேருந்து போய்விட்டாலும் சொல்வார்கள். ரொட்டி கருகினாலும் சொல்வார்கள். 'அடடா, வருத்தந்தான்' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

"என்னடா சொல்றாங்க?" என்று கேட்டார் தந்தை.

நான் எழுந்து நின்றேன். சட்டையைச் சரிசெய்துகொண்டேன். என் வாழ்நாளில் கற்ற கலை முழுவதையும் திரட்டினேன்.

"அம்மையார் சொல்கிறார்: பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! தாங்கள் விலகுவதை இந்தக் கட்டடம் ஒருக்காலும் ஏற்காது. பனியிலும் இருளிலும் எங்களுக்காக நிலவறைப் படிகளை இறங்கியவர் தாங்கள். என் தள்ளாத கைகளின் சுமையைக் கேளாமலே வாங்கிச் சுமந்தவர் தாங்கள். இத்தனை ஆண்டு இங்கே வாழ்கிறேன். படியில் என்னைக் கண்டு நின்று, வணக்கம் சொல்லி, என் பதிலுக்குக் காத்திருந்த தலைவர் தங்களைத் தவிர வேறொருவர் இல்லை. தாங்கள் போனால் எட்டு வீடுகளும் இருக்கும், பம்பும் ஓடும், ஆனால் தலைவர் என்று அழைக்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? போகாதீர்கள். வேண்டாம் ஐயா, போகாதீர்கள்."

முடித்தேன். தமிழறியாத அவை வியப்போடு என்னையும் கோரி அம்மையாரையும் மாறி மாறிப் பார்த்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

தந்தை என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா ஒரு வார்த்தைதானேடா சொன்னாங்க?"

"சிக்கனமான மொழி, அப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டினார். கோரி அம்மையாரைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு மெல்லச் சொன்னார்: "பேச்சு நல்லாருந்ததுடா."

என் கோப்பைகள் எதற்கும் அவர் இதைச் சொன்னதில்லை.

"இவ்ளோ வற்புறுத்தும்போது எப்படி மறுக்கறது?" என்றார் தந்தை. "சரி, ராஜினாமாவ வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லு."

"ஏங்க, ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்டு" என்றாள் அம்மா.

"அது வேற விஷயம். இவன் சொல்லட்டும்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் டச்சு மொழியில், கணீரென்ற குரலில் அறிவித்தேன்:

"காபி மிக நன்றாக இருந்ததாம்."